நடு ஹாலில் ஒரு பீரோ

வீடு மாறலாமா வேண்டாமா என்று யாரும் என்னைக் கேட்பதற்கு முன்பே, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் சுபாவம் அப்படி. எதிரே லாரி தெரிவதற்கு முன்பே பிரேக்கை மிதிக்கிற ஆள் நான். தொழிலே அதுதான். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கற்றுக்கொள்பவர் உட்கார்ந்திருப்பார். பக்கத்து சீட்டில் நான். என் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. அவர் மறந்தால் நான் மிதிப்பேன். மறக்காவிட்டாலும் மிதிப்பேன். என்னிடம் வண்டி ஓட்டக் கற்றவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'பிரேக் அக்கா'. முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு சொல்வார்கள்.

பேச்சை ஆரம்பித்தது என் மகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்தவள், செருப்பைக் கழற்றுவதற்குள், "அம்மா, ஒரு வீடு பாத்திருக்கேன். தரைத்தளம். எங்க வீட்டுக்கு அடுத்த தெரு. வாடகையும் இதே மாதிரிதான். அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடணும்" என்றாள்.

"நாங்க எங்கயும் வரல. முதல்ல அந்தச் செருப்பை ஓரமா வை" என்றேன்.

செருப்பை ஓரமாக வைக்கச் சொன்னது சுத்தத்துக்காக அல்ல. என் வீட்டுக்காரருக்குக் கண் தெரியாது. பிறவியில் வந்ததல்ல. மகள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்த காலத்தில் ஒரு கண் மங்கிப் போனது. அடுத்ததையாவது காப்பாற்றலாம் என்று ஆபரேஷன் செய்தார்கள். கட்டை அவிழ்த்தபோது அதிலும் ஒன்றும் தெரியவில்லை.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நான் ஒரு காரியம் செய்தேன். கண் தெரிந்து வருகிற மனுஷனுக்கு வீடு பளிச்சென்று இருக்கட்டுமே என்று, அவரிடம் மூச்சு விடாமல் பெயிண்டரை வரச் சொன்னேன். பீரோ, சாப்பாட்டு மேஜை, சோபா எல்லாவற்றையும் சுவரை விட்டு இழுத்து நடு ஹாலில் குவித்து, பழைய போர்வையால் மூடி, நான்கு சுவரும் அடித்து முடித்த அன்றைக்குத்தான் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். அதற்கப்புறம் பீரோவைத் தள்ளி வைக்க எனக்குத் தெம்பும் இல்லை, மனமும் இல்லை. போர்வையை மட்டும் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்த அன்று அவர் வாசலில் நின்று கையை நீட்டினார். பீரோ தட்டுப்பட்டது. அதைத் தடவிக்கொண்டு மேஜைக்கு வந்தார். மேஜையிலிருந்து சோபாவின் முதுகு. அங்கிருந்து ஓர் எட்டு வைத்தால் படுக்கையறைக் கதவு. யார் கையையும் பிடிக்காமல் போய்ச் சேர்ந்து, "பரவாயில்லை, நல்லா இருக்கு" என்றார். அத்தனை நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. பெயிண்ட் வாசனை என்ன என்று கேட்டார். மாடிப்படிக்கு அடிக்கிறார்கள் என்று மழுப்பினேன். நீங்கள் பார்க்க வேண்டும் என்று அடித்தேன் என எந்த வாயால் சொல்வது? அன்றைக்கே ஒரு சட்டம் போட்டேன். இந்த வீட்டில் ஒரு நாற்காலிகூட நகரக் கூடாது.

அது இருபது வருஷத்துக்கு முந்தைய கதை. சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. எங்கள் ஹால் ஒரு ரவுண்டானா. சுவரோரம் எல்லாம் வெட்டவெளி, நடுவில் சாமான். வருகிறவர்கள் சுற்றித்தான் போக வேண்டும். புதிதாக வந்தவர்கள் எந்தப் பக்கமாகப் போவது என்று தெரியாமல் வாசலிலேயே முழிப்பார்கள். எப்போதாவது மறுபடி வெள்ளையடிக்க ஆள் வரும்போது, "ரொம்ப நல்லதாப் போச்சும்மா, எல்லாத்தையும் நீங்களே நடுவுல இழுத்து வெச்சுட்டீங்க" என்று சந்தோஷப்படுவார்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

மகளும் அந்தச் சட்டத்துக்குள் வளர்ந்தவள்தான். பள்ளிக்கூடப் பையை வழியில் போட்டதற்கு என்னிடம் அடி வாங்கியிருக்கிறாள். அப்படிப்பட்டவளே வந்து வீடு மாறு என்கிறாள்.

"இந்த வீட்ல உங்கப்பா ராஜா மாதிரி நடக்கறாருடி. காபி போட்டுக்கறாரு, சட்டை தேடிக்கறாரு, பால்கனியில போய் நிக்கறாரு. யாரையும் ஒரு வார்த்தை கேக்கறதில்ல. புது வீட்டுக்குப் போனா சுவரைத் தடவிக்கிட்டு நிப்பாரு. ஒவ்வொண்ணுக்கும் என்னைக் கூப்பிடுவாரு. அந்த மனுஷனை நான் அப்படிப் பாக்க மாட்டேன். ஆஸ்பத்திரியில ஒரு தடவை பாத்தாச்சு, போதும்."

"அம்மா, உன் முட்டி..."

"என் முட்டிக்கு ஒண்ணும் இல்ல."

பொய். முட்டிக்கு எல்லாம் இருந்தது. போன மாதம்தான் டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணு படி ஏறுறதை விடுங்க, இல்ல கிளட்ச் மிதிக்கிறதை விடுங்க. ரெண்டையும் இந்த முட்டி தாங்காது" என்று கறாராகச் சொல்லிவிட்டார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. என் வீட்டுக்காரர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருக்கிறார். அங்கே போனால் அவர் காதுக்கு எட்டிவிடும் என்று ஊரின் மறுகோடியில் இருக்கும் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வந்திருந்தேன். வெளியே வரும்போதே முடிவு செய்துவிட்டேன். வேலையை விடுவது. வீட்டை விடுவதில்லை. திங்கட்கிழமை ஸ்கூல் முதலாளியிடம் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் நினைப்பேன். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும், பக்கத்தில் புதிதாக ஒரு பெண் ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நடுங்குவதைப் பார்த்ததும், அடுத்த திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றிவிடும். எனக்கு அந்த வேலை உயிர். அதை யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

இத்தனை பேச்சுக்கும் என் வீட்டுக்காரர் பால்கனியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். பீரோ, மேஜை, சோபா என்று வழக்கம்போல வலம் வந்து உட்கார்ந்தார்.

"போய்ப் பாத்துட்டுத்தான் வரலாமே. பாக்கறதுக்கு என்ன காசா பணமா?" என்றார்.

"பாக்கறதுக்கா?" என்றேன். கோபத்தில் வாய் தவறி வந்துவிட்டது.

"நீ பாரு. நான் கூட வர்றேன்" என்று சிரித்தார்.

சரி என்றேன். ஒத்துக்கொண்டு அல்ல. வீட்டில் குறை கண்டுபிடிப்பது எனக்குக் கைவந்த கலை. ஒரே ஒரு தடவை போய், இது ஆகாது, இது ஆகாது என்று அடுக்கிவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது என்று கணக்குப் போட்டேன்.

சனிக்கிழமை மகள் தன் காரில் அழைத்துப் போனாள். அவளுக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்ததே நான்தான். இருந்தும் முன் சீட்டில் உட்கார்ந்து வழி நெடுகத் தரையை மிதித்துக்கொண்டே போனேன். "அம்மா, அங்க பிரேக் இல்ல" என்றாள். "இருந்திருக்கணும்" என்றேன். பின் சீட்டில் இவர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வந்தார்.

வீடு ஒரு முட்டுச் சந்தில் இருந்தது. வாகனச் சத்தம் இல்லை. சின்ன கேட், அதற்குள் சிமெண்ட் பாதை, பிறகு கதவு. மேலே ஓனர் குடியிருக்கிறார். கீழே நீளவாக்கில் ஒரு ஹால், இரண்டு அறைகள், சமையலறை, பின்னால் துணி காயப்போட ஒரு இடம். காலி வீடு. பேசினால் எதிரொலித்தது. நான் வேலையைத் தொடங்கினேன்.

"வாசப்படி இருக்கு, பாத்து. உள்ள வந்ததும் வலது பக்கம் ஸ்விட்ச் பெட்டி துருத்திக்கிட்டு இருக்கு, தோள்ல இடிக்கும். இங்க ஒரு தூண். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவுல தரை எறங்குது, என்னத்துக்கு இப்படிக் கட்டினாங்களோ. இந்தப் பக்கம் வராதீங்க. அங்கயும் போகாதீங்க. ஐயோ, அலமாரி, அலமாரி!"

சமையலறை அலமாரியின் கதவை யாரோ திறந்தபடி விட்டுப் போயிருந்தார்கள். இவர் நெற்றி அதில் 'டங்'கென்று மோதியது. நான் பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்தேன்.

"பாத்தியாடி? பாத்தியா? வந்து முழுசா அஞ்சு நிமிஷம் ஆகல!" என்று மகளைப் பார்த்துக் கத்தினேன்.

இவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அலமாரிக் கதவைத் தடவிப் பார்த்து மூடினார். பிறகு என் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

"இங்க பாரு. நீ இப்படிக் கத்திக்கிட்டே கூட வந்தா எனக்கு உன் குரல்தான் தெரியுது. வீடு தெரியல. வெளிய போய் உக்காரு."

"என்னது?"

"வெளிய போ. ரெண்டு பேரும். கதவைச் சாத்திட்டுப் போங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை அவர் அப்படிச் சொன்னதில்லை. மகள் என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கேட் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. உட்கார்ந்தேன். உள்ளே அவர் நாக்கைச் சொடுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் கைதட்டல். அப்புறம் எதுவோ உருண்டது. எழுந்தேன்.

"உக்காரும்மா."

"எதுலயோ தடுக்கி விழுந்திருப்பாரு."

"விழுந்தா எழுந்திருப்பாரு. உக்காரு."

அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து ஓனரம்மா இறங்கி வந்தார். ஈரத் துணி வாளியோடு வந்தவர் அதைக் கீழே வைத்துவிட்டு, தயங்கித் தயங்கிப் பேச்சைத் தொடங்கினார். நல்ல மனுஷிதான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. சாருக்குப் பார்வை இல்லைன்னு உங்க பொண்ணு சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்ல. ஆனா புது எடம். ஒவ்வொண்ணுக்கும் தடுமாறுவாரே. நீங்க வேற வேலைக்குப் போறவங்க. கேஸ் அடுப்பு இருக்கு, தண்ணிக் குழாய் இருக்கு. தனியா இருக்கறப்போ ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா..."

ஒரு வாரமாக நான் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தைகள். ஆனால் அடுத்தவர் வாயிலிருந்து கேட்டபோது எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"தடுமாறுவாரா? யாரைச் சொல்றீங்க? தினமும் தனியா பஸ் ஏறி வேலைக்குப் போற மனுஷன்ங்க அவரு. நடுவுல ஒரு பஸ் மாறணும். அதுலயும் அந்த ரோடு இருக்கே, நான் ஓட்டச் சொல்லிக் குடுக்கற பசங்க அங்க வண்டியைத் திருப்பவே பயப்படுவாங்க. இவரு குறுக்க நடந்து போறாரு. ஆஸ்பத்திரிக்கு யார் போன் பண்ணாலும் இவர்தான் எடுக்கணும். ஆபரேஷன் தியேட்டர் எங்க, எந்த டாக்டர் எந்த மாடின்னு அங்க இருக்கறவங்களே இவரைத்தான் கேப்பாங்க. போன வருஷம் அந்த ஆஸ்பத்திரியையே புதுக் கட்டடத்துக்கு மாத்தினாங்க. கண்ணு தெரிஞ்சவன் எல்லாம் வழி தெரியாம முழிச்சுக்கிட்டு நின்னான். இவரு ரெண்டாவது நாளே போய்ட்டு வந்துட்டாரு. கேஸ் அடுப்பாம்! என்னைவிட நல்லா சமைப்பாருங்க. நான் வெச்சா தீயும், அவர் வெச்சா தீயாது."

மூச்சு வாங்க நிறுத்தினேன். ஓனரம்மா, "அப்ப எனக்கு என்ன கவலை? நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு துணி காயப்போடப் போய்விட்டார். சண்டை போடக்கூட ஆள் இல்லை.

மகள் செல்போனை நீட்டினாள். "அம்மா, இப்ப சொன்னதை இன்னொரு தடவை சொல்லேன். ரெக்கார்டு பண்ணி வெச்சுக்கறேன். வீட்டுக்குப் போனதும் உனக்கே போட்டுக் காட்டலாம்."

"வாயை மூடு" என்றேன். ஆனால் எனக்கே சுருக்கென்று தைத்தது. புதுக் கட்டடத்தை ரெண்டு நாளில் பழகியவருக்கு ரெண்டு அறை வீடு என்ன பெரிய காடா? இது எனக்கு இவ்வளவு நாளும் தெரியும்தானே? தெரிந்துகொண்டே, வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் மறந்துபோகிறேன். வெளியே அவர் எக்ஸ்சேஞ்ச் சார். உள்ளே மட்டும் நான் காப்பாற்ற வேண்டிய ஆள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அடியே, வா. வீட்டைச் சுத்திக் காட்டறேன்."

போனேன். சட்டையில் சுண்ணாம்பு, கையில் ஒட்டடை, நெற்றியில் சின்ன வீக்கம். முகம் மட்டும் மலர்ந்து கிடந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார்.

"இது ஹால். நம்ம ஹாலைவிட நீளம், அகலம் கொஞ்சம் கம்மி. தூண் இங்க இருக்கு, எனக்கு வசதிதான், அதை வெச்சுத் திசை தெரிஞ்சுக்கலாம். இது முன் ரூம், சந்து பக்கம் ஜன்னல். இங்க தரை எறங்குது, நீ பாத்து வா, முட்டி பத்திரம். இது சமையலறை. இந்த அலமாரிக்கும் எனக்கும் ஏற்கெனவே அறிமுகம் ஆயிடுச்சு. அப்புறம் இதோ, பாத்ரூம்." கம்பீரமாக ஒரு கதவைத் திறந்தார்.

அது சாமான் வைக்கும் மரக் கப்போர்டு. மூன்று தட்டு, ஒரு செத்த கரப்பான் பூச்சி.

"இதுல எப்படிங்க குளிப்பீங்க?" என்றேன்.

தட்டைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப அது அந்தப் பக்கம். சரி, ஒரு தப்புதானே. பாஸ் மார்க் போடு."

சிரித்து முடித்ததும் ஹாலுக்குத் திரும்பி வந்தோம். தூணில் சாய்ந்து நின்றுகொண்டு, கொஞ்சம் தயங்கி, "ஒண்ணு சொன்னா வருத்தப்பட மாட்டியே?" என்று கேட்டார்.

"சொல்லுங்க."

"இங்க வந்தா அந்தப் பீரோவை மட்டும் நடுவுல போடாத."

தூணைத் தடவிக்கொண்டே அவர் தொடர்ந்தார்.

"அன்னிக்கு நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்போ புடிச்சுக்கறதுக்கு ஒண்ணு வேணும்னு யோசிச்சு, ஒத்த ஆளா அத்தனை சாமானையும் நடுவுல இழுத்து வெச்சிருந்த. அதை நான் மறக்க மாட்டேன். அன்னிக்கு உதவியாத்தான் இருந்துச்சு. ஆனா ரெண்டு மூணு மாசத்துலயே தேவையில்லாமப் போச்சு. அப்புறம் அது வெறும் இடைஞ்சல். அந்தப் பீரோ முனை இருக்கே, என் இடுப்புல வாரத்துக்கு ஒரு தடவையாவது குத்தும். நீ ஆசை ஆசையா எனக்காகப் பண்ணது. எடுத்துடுன்னு சொன்னா உன் மனசு ஒடைஞ்சு போயிடும்னு விட்டுட்டேன்."

அவர் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"நான் எங்கங்க யோசிச்சு வெச்சேன்? அது பெயிண்ட் அடிக்க இழுத்துப் போட்டது!"

"என்ன பெயிண்ட்?"

"வீட்டுக்கு. நீங்க கண்ணு தெரிஞ்சு வருவீங்கன்னு, பாக்கறதுக்கு நல்லா இருக்கட்டும்னு... உங்களுக்குச் சொல்லாம அடிச்சேன். அப்புறம் சொல்ல முடியல. சாமான் அப்படியே நின்னுடுச்சு. நீங்க அதைப் புடிச்சுக்கிட்டு நடந்தீங்க, நல்லா இருக்குன்னீங்க. அதான் யாரையும் நகத்த விடல. எனக்கும் அது பிடிக்காதுங்க. துணி மடிச்சு வெக்க ஒவ்வொரு தடவையும் ஊரைச் சுத்திக்கிட்டுப் போகணும்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இருபது வருஷம்! அந்த ரவுண்டானாவுக்காக என்னை அடிச்சியேம்மா!"

இவர் மட்டும் சிரிக்கவில்லை.

"என்ன கலரு?" என்று கேட்டார்.

"எது?"

"அன்னிக்கு அடிச்சது."

"மஞ்சள். ரொம்ப அடிக்கற மஞ்சள் இல்ல. வெண்ணெய் மாதிரி."

"என் மனசுல நம்ம ஹால் இன்னும் அந்தப் பழைய நீலந்தான். அப்புறம் வெள்ளையடிச்சப்பல்லாம் கேட்டேனே, 'அதே கலரு'ன்னு சொன்னியே?"

"அதே மஞ்சள்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். மஞ்சளைப் போட்டுப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. மூன்றாவது மாடி ஹாலை மனதுக்குள் முழுக்கத் திரும்ப அடித்து முடிக்கும்வரை நாங்கள் காத்திருந்தோம். "நல்லா இருந்திருக்கும்" என்றார் கடைசியில். அழுதேன். இருபது வருஷத்துக்கு முன்னால் அழுதிருக்க வேண்டியது.

அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும்தான் இன்னொன்று உறைத்தது.

"இருங்க. போன வாரம் இவ 'உன் முட்டி'ன்னு ஆரம்பிச்சா. கொஞ்சம் முன்னாடி நீங்களும் 'முட்டி பத்திரம்'னீங்க. என் முட்டியைப் பத்தி உங்களுக்கு யார் சொன்னது?"

"உன் ஆஸ்பத்திரிதான். உன்னோட பழைய எக்ஸ்ரே எங்ககிட்டதானே இருக்கு? அதைக் கேட்டு அங்கேருந்து போன் பண்ணாங்க. போனை எடுத்தது யாரு? நான். பேஷண்ட் பேரென்னன்னு கேட்டேன். என் பொண்டாட்டி பேரைச் சொல்றாங்க! நல்லதும்மா, இதோ குடுக்கறேன்னு ரெக்கார்டு செக்‌ஷனுக்கு லைன் போட்டேன்."

ஊரின் மறுகோடிக்குப் போய் ஒளித்த ரகசியம் நேராக அவர் காதிலேயே போய் விழுந்திருக்கிறது. என் சாமர்த்தியத்தைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

"அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். நீ வாயே தொறக்கல. படியும் கிளட்சும் ரெண்டும் முட்டிக்கு ஆகாது; நீ வீட்டை விட மாட்ட, வேலையைத்தான் விடப் போறன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உன்னை எனக்குத் தெரியாதா? அதான் பொண்ணுகிட்ட, தரைத்தளமா ஒரு வீடு பாருன்னு சொன்னேன்."

மகள் பக்கம் திரும்பினேன். அவள் அவசரமாகச் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"கூட்டுக் களவாணிங்களா! அப்பனும் மகளும் சேந்து என்னை மடக்கினீங்களா?"

"நேராச் சொன்னா நீ பிரேக் போட்டிருப்பம்மா."

போட்டிருப்பேன்தான். ஆனால் அடிமனதில் கிடந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"உங்களுக்கு எல்லாம் நடக்குது. புது வீட்டையும் நீங்களே பழகிக்குவீங்க. வீடும் நீங்களே பாத்துட்டீங்க. அப்ப நான் எதுக்குங்க?"

"எதுக்கா? வண்டி ஓட்டச் சொல்லிக் குடுக்கத்தான். ஊர்ல இன்னும் பாதிப் பேருக்கு ஓட்டத் தெரியாது. ரோட்டைக் கடக்கறவன் நான்ல? பயமா இருக்குல்ல எனக்கு?" என்றார்.

மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்துவிட்டேன்.

துணி காயப்போட்டுவிட்டு ஓனரம்மா பின்கதவு வழியாக எட்டிப் பார்த்தார். எல்லாரையும்போல அவரும் என்னைத்தான் கேட்டார், "சாருக்குச் சரியா இருக்குமா?" என்று. எங்கே போனாலும் அப்படித்தான். சாருக்குக் காபியா டீயா, சாருக்கு உட்கார நாற்காலி வேண்டுமா, எல்லாம் என்னிடம்தான்.

"எனக்குச் சரியா இருக்கு. இவங்களைக் கேளுங்க" என்றார் இவர்.

ஓனரம்மா என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குப் பிடிச்சிருக்காம்மா?"

வாயைத் திறந்தேன். அப்போதுதான் புரிந்தது. இவ்வளவு நேரம் இந்த வீட்டில் நான் பார்த்ததெல்லாம் முனை, படி, தூண், துருத்திக்கொண்டிருக்கும் ஸ்விட்ச் பெட்டி. இடிப்பது எது, தடுக்குவது எது என்று பார்த்தேனே தவிர, வீட்டைப் பார்க்கவில்லை. எனக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்து எத்தனையோ காலமாயிற்று.

"கொஞ்சம் இருங்க. பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

தனியாகப் போனேன். ஹாலில் நின்றேன். சுவர் வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. சமையலறையில் கை எட்டும் உயரத்தில் அலமாரி, ஏணி போடத் தேவையில்லை. பின் அறையில் பெரிய ஜன்னல்; அதற்கு வெளியே ஒரு மரம், மரத்தைத் தாண்டி வெயில் சாய்வாக விழுந்து பாதித் தரை வெளிச்சமாகக் கிடந்தது. எங்கள் வீட்டில் படுக்கையறைக்கு வெளிச்சமே கிடையாது. அந்த வெளிச்சத்தில் போய் நின்றேன். காலுக்குச் சூடாக இருந்தது. நகர மனம் வரவில்லை. எனக்கு இந்த இடம் வேண்டும் என்று நினைத்தேன். அவருக்காக இல்லை. எனக்கு.

திரும்பி வந்து, "எடுத்துக்கறோம். மாசம் பொறந்ததும் வந்துடறோம்" என்று ஓனரம்மாவிடம் சொன்னேன். மகள் என் தோளில் முகத்தைத் தேய்த்தாள். ஓனரம்மா சாவி விவரம் சொல்ல அவளை மாடிக்கு அழைத்துப் போனார்.

ஹாலில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம்.

"பின் ரூம் ஜன்னல்கிட்ட எனக்கு ஒரு சாய்வு நாற்காலி போடணும்" என்றேன். "வகுப்பு முடிஞ்சு வந்து காலை நீட்டி உக்காரணும். ஆனா அது சரியா நீங்க நடக்கற வழியில வரும். இடிச்சுக்குவீங்க."

"நாற்காலி எந்தப் பக்கம் வரும்?"

"கதவுலேர்ந்து உள்ள வந்தா நேரா, கொஞ்சம் இடது கைப்பக்கம்."

"சரி."

இன்னொரு தடவை சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவர் பின் அறைக்குள் போய், வெயில் விழும் இடத்தில் நாற்காலி வரப்போகும் இடத்தைச் சரியாகச் சுற்றி நடந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.